லண்டனிலிருந்து சிட்னிக்கு எவ்வளவு தூரம்?

லண்டன் நகரிலிருந்து சிட்னி நகரம் எவ்வளவு தூரம் என்று யாரேனும் கேட்டால், 17,000 கிலோமீட்டர் என்று விடை கூறிவிடுகிறோம். ஆகாய விமானத்தில் செல்ல எத்தனை நேரம் பிடிக்கும் என்று அடுத்தபடியாகக் கேட்டால், ஏறத்தாழ ஒரு நாள் என்கிறோம். இவ்விரு விடைகளும் பிழையானவை அல்ல. ஆயினும் இவை முழுமையான விடைகளும் அல்ல. இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் என்பது ஒரே ஓர் எண்ணில் அடங்கிவிடுகிற பொருளன்று. பூமியின் வடிவம், காற்றின் போக்கு, எந்திரத்தின் ஆற்றல், மனிதனின் துணிவு, அரசுகளின் உறவு ஆகிய ஐந்தும் சேர்ந்தே அதை நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை இவ்விரு நகரங்களையே சான்றாகக் கொண்டு உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் பூமியின் வடிவத்தை நோக்குவோம். நம் பூமியைச் சுற்றி வரும் தூரம் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆகவே, பூமியின் மேல் எந்த இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டாலும், அவற்றினிடையே உள்ள மிகக் குறுகிய வழி 20,000 கிலோமீட்டரை மிஞ்சவே முடியாது. அதற்கு மேல் ஒருவன் விலகிச் செல்ல முயன்றால், மறுபுறத்தில் நெருங்கத் தொடங்கிவிடுவான். சிட்னிக்கு நேர் எதிரே, பூமியின் மறுபக்கத்தில் உள்ள இடம் எது தெரியுமா? அட்லாண்டிக் சமுத்திரத்தில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே அமைந்த வெறும் நீர்ப்பரப்பு அது. லண்டன் அந்த இடத்திலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவேதான் 20,000 என்பது 17,000 ஆகக் குறைகிறது. உலகின் பெருநகரங்களுக்குள், இவ்வளவு நெருங்கிய தொடர்புடையனவாக இருந்தும் இவ்வளவு தொலைவில் அமைந்தவை மிகச் சிலவே.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை லண்டன் மீதும் மறுமுனையை சிட்னி மீதும் வைத்து, நூலை இறுக இழுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டிய தேசப்படத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, இவ்வழி மத்தியதரைக் கடலையும் அரபிக் கடலையும் இந்தியாவையும் கடந்து செல்ல வேண்டும் என்றே தோன்றும். நூல் அவ்வழியே செல்லாது. அது லண்டனிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, மாஸ்கோவிற்குச் சற்று வடக்கே சென்று, கசகஸ்தானைக் கடந்து, சீனாவின் மேற்குப் பகுதியில் நுழைந்து, தென்சீனக் கடலின் மேலாக இறங்கி, இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே பூமத்திய ரேகையைத் தாண்டி ஆஸ்திரேலியாவை அடையும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வழிகள் இவ்வாறு திரிந்துபோகின்றன. உருண்டையின் மேல் இறுக இழுத்த நூல் காட்டும் வழிக்குப் பெருவட்ட வழி என்று பெயர். 17,000 கிலோமீட்டர் என்று நாம் சொன்னது இந்த நூலின் கணக்கு. எந்த விமானமும் இந்நூலின் மேல் அப்படியே பறந்துவிடுவதில்லை. ஏன் பறப்பதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, காலத்தின் கணக்கிற்கு வருவோம். 1787ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் புறப்பட்டன. தண்டனை பெற்ற கைதிகளையும் அவர்களுக்குக் காவலான வீரர்களையும் ஏற்றிச் சென்ற அக்கப்பல்கள் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தது 1788ஆம் ஆண்டு ஜனவரியில். எட்டு மாதப் பயணம் அது. பின்னர் நீராவிக் கப்பல்கள் தோன்றியபோது எட்டு மாதம் ஆறு வாரமாகக் குறைந்தது. ஆறு வாரம் என்றால், ஒரு மகன் தாய்க்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி கிடைக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொருள்.

முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1919ஆம் ஆண்டில், ஆஸ்திரேலிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்கு 30 நாட்களுக்குள் விமானத்தில் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் பரிசு என்பதே அவ்வறிவிப்பு. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் இருவரும், பென்னட், ஷியர்ஸ் என்ற எந்திர வினைஞர்கள் இருவரும் ஒரு விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12ஆம் தேதி லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். அவ்விமானத்தில் விமானி அமரும் இடத்திற்குக் கூரை கிடையாது. குளிரிலும் மழையிலும் முகம் விறைக்க அமர்ந்து, கெய்ரோ, பாக்தாத்தை அடுத்த ரமாதி, கராச்சி, டில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கிச் சென்றார்கள்.

கல்கத்தாவில் அவர்கள் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து எழும்பியபோது பருந்துகள் குறுக்கே பறந்து விமானத்தின் சுழல்விசிறியில் மோதின. சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. அப்பொழுது அவ்வூர் மக்கள் மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து அடுத்தடுத்துப் பரப்ப, அப்பாய்களையே ஓடுபாதையாகக் கொண்டு விமானம் எழும்பிற்று. டிசம்பர் 10ஆம் தேதி அவர்கள் டார்வின் நகரில் இறங்கினார்கள். மொத்தம் 28 நாட்களுக்குச் சற்றுக் குறைவு. ஆனால், அவர்கள் உண்மையில் வானத்தில் பறந்த நேரம் 136 மணிதான். பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கே பறப்பு. எஞ்சிய நான்கு பங்கும் எந்திரத்தைப் பழுதுபார்ப்பதிலும், பெட்ரோல் ஊற்றுவதிலும், வானிலைக்குக் காத்திருப்பதிலும், உறங்குவதிலும் கழிந்தன.

அப்போட்டியில் கலந்துகொண்ட வேறு சிலரின் கதியையும் நாம் மறத்தலாகாது. ஸ்மித் சகோதரர்கள் புறப்பட்ட மறுநாள் கிளம்பிய ஒரு விமானம், எழும்பிய சில நிமிஷங்களிலேயே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். மற்றொரு விமானம் கிரேக்க நாட்டைச் சேர்ந்த கார்பூ தீவுக்கருகே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த இருவரும் மாண்டனர். பேரர், மக்கின்டாஷ் என்ற இருவர் மட்டும் 1920ஆம் ஆண்டு ஜனவரியில் புறப்பட்டு, வழியெல்லாம் பழுதுபார்த்துக்கொண்டே ஆகஸ்டு மாதத்தில் டார்வினை அடைந்தார்கள். அதே தூரம்தான், ஒருவருக்கு 28 நாள், மற்றவருக்கு ஏறத்தாழ ஏழு மாதம்! தூரம் வேறு, பயண காலம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

1935ஆம் ஆண்டில் பிரிஸ்பேனுக்கும் லண்டனுக்கும் இடையே பிரயாணிகளுக்கான விமானப் போக்குவரத்து ஏற்பட்டது. பன்னிரண்டரை நாட்பயணம் அது. ஐரோப்பாவில் ஒரு பகுதியைப் பிரயாணிகள் ரயிலிலேயே கடந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில், பசிபிக் சமுத்திரத்தை முதன்முதலில் விமானத்தில் கடந்து புகழெய்திய கிங்ஸ்போர்டு ஸ்மித், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிற்கு விரைந்து பறக்கும் முயற்சியில், நம் அலகாபாத்திலிருந்து இரவில் சிங்கப்பூரை நோக்கிக் கிளம்பினார். அவரும் அவருடைய துணைவரும் சிங்கப்பூரை அடையவில்லை. பதினெட்டு மாதங்களுக்குப் பின், விமானச் சக்கரம் ஒன்று பர்மாக் கரையோரத்தில் கிடைத்தது, அவ்வளவே. இன்று நாம் கணக்குப் புத்தகத்தில் எழுதும் மணிக் கணக்குகள் இத்தகைய மனிதர்கள் தந்த விலையால் குறைந்தவை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. லண்டன், சிட்னி வழி நடுவில் அறுபட்டது. அறுபட்ட கயிற்றை முடிச்சுப் போட ஒரே வழிதான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த்திலிருந்து இந்து மகாசமுத்திரத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டி இலங்கையை அடைவதே அது. 1943ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1945ஆம் ஆண்டு ஜூலை வரை, குவாண்டாஸ் நிறுவனத்தார் கேட்டலினா என்னும் நீர்விமானங்கள் ஐந்தைக் கொண்டு இதைச் செய்தார்கள். பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து எழும்பி, இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரியில் இறங்குவார்கள். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். நேரம் 27 மணி முதல் 32 மணி வரை.

அவ்வளவு நேரமும் ரேடியோவில் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பேசினால் பகைவருக்கு இடம் தெரிந்துவிடும். ஆகவே, பண்டை மாலுமிகளைப் போல் விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டார்கள். அவ்விமானங்களுக்கு விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். பெட்ரோலின் சுமை மிகுதியாகையால் மூன்று பிரயாணிகளுக்கும் சுமார் 70 கிலோ தபாலுக்கும் மேல் ஏற்ற இடமில்லை. அப்பயணத்தில் செல்வோர் நடுவானிலே சூரியன் உதிப்பதை இரண்டு தடவை காண்பார்கள். அதனால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. 271 தடவை இவ்வாறு கடந்தார்கள். 70 கிலோ தபால் என்பது இன்று நமக்கு அற்பமாகத் தோன்றலாம். போர்முனையிலிருந்த மகனின் கையெழுத்தை எதிர்பார்த்திருந்த குடும்பத்திற்கு அது அற்பமன்று.

போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, கான்ஸ்டலேஷன் என்னும் விமானம் 29 பிரயாணிகளுடன் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் இறங்கி, நான்கு நாட்களில் லண்டனை அடைந்தது. பறப்பு நேரம் சுமார் 55 மணி. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன, நாட்கள் மணிகளாயின. 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போயிங் 747-400 விமானம் ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிஷத்தில் பறந்து காட்டியது. ஆனால், அதில் கட்டணம் கொடுத்த பிரயாணி ஒருவரும் இல்லை. ஒரு சொட்டு எரிபொருளும் வீணாகாதபடி, அவ்விமானத்தை ஓடுபாதை வரையில் வண்டியால் இழுத்துச் சென்றார்கள். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நில்லாத பிரயாணிப் போக்குவரத்து தொடங்கியது. தூரம் 14,498 கிலோமீட்டர். நேரம் 17 மணிக்குச் சற்று மேல். 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சோதனை விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு 17,800 கிலோமீட்டரை 19 மணி 19 நிமிஷத்தில் கடந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று ஒரு வினாவை எழுப்ப வேண்டும். நூலின் கணக்கு 17,000 அன்றோ? சோதனை விமானம் பறந்தது 17,800 ஆயிற்றே! எஞ்சிய 800 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? விமானி நூலைப் பார்த்துப் பறப்பதில்லை; காற்றைப் பார்த்துப் பறக்கிறான். பூமிக்கு மேலே 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி, ஆறுபோல் விரைந்தோடும் காற்றுகள் உண்டு. அவற்றின் வேகம் சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே செல்லும் விமானத்திற்கு அவை தோள் கொடுக்கின்றன. மேற்கே செல்லும் விமானத்தை எதிர்த்துத் தள்ளுகின்றன. சற்றுச் சுற்றிச் சென்றாலும் காற்றின் துணை கிடைத்தால் நேரம் மிஞ்சும், எரிபொருளும் மிஞ்சும். ஆற்றில் ஓடம் செலுத்துபவன் நீரோட்டத்தை அறிந்து ஓட்டுவது போன்றதே இதுவும். ஒரே வழியில், போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுவதற்குக் காரணம் இதுவே.

பயண அட்டவணையைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடும்போது மாணவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு விமானம் பெர்த்திலிருந்து மாலை 7 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5 மணிக்கு லண்டனை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவன் 10 மணி நேரப் பயணம் என்பான். ஆனால், பெர்த்தின் கடிகாரம் லண்டன் கடிகாரத்திற்கு, அங்கே கோடைக்காலமாக இருக்கையில், 7 மணி முந்தியது. ஆகவே, உண்மையான பயண நேரம் 17 மணி. சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே இவ்வேறுபாடு பருவத்திற்கேற்ப 9 மணியாகவும் 10 மணியாகவும் 11 மணியாகவும் மாறும். விமானம் ஒரே நாளில் பூமியின் அப்பாதியைச் சேர்ந்துவிடுகிறது. மனித உடலோ அவ்வளவு விரைவில் சேர்வதில்லை. உறக்கமும் பசியும் பழைய ஊரின் கடிகாரத்தையே பல நாள் பின்பற்றுகின்றன. அதனால்தான் 2019ஆம் ஆண்டின் சோதனைப் பயணத்தில் விமானிகளின் விழிப்பு நிலையையும் பிரயாணிகளின் உறக்கத்தையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். எந்திரம் தாங்கும் தூரத்தை மனிதன் தாங்குவானா என்பதே அவர்களது ஆராய்ச்சி.

எந்திரம் தாங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. பெர்த்திலிருந்து லண்டனுக்குப் பறக்கும் போயிங் 787-9 விமானத்தின் கலங்கள் நிறைய 1,26,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் எடை சுமார் 100 டன். பதினேழாவது மணியில் எரிய வேண்டிய எரிபொருளை முதல் பதினாறு மணி நேரமும் சுமந்து செல்ல வேண்டும். அவ்வாறு சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். வழியில் சோறு கிடைக்காத பாலைவனத்தைக் கடப்பவன், முழுப் பயணத்திற்கும் கட்டுச்சோற்றைத் தலையில் சுமப்பது போன்றது இது. இவ்வளவு எரிபொருளின் புகையும் நாம் வாழும் வளிமண்டலத்திலேதான் கலக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விரைவுக்கு விலை உண்டு. அவ்விலையில் ஒரு பகுதி கட்டணச் சீட்டில் அச்சிடப்படுவதில்லை.

இனி, முன்னர் நிறுத்தி வைத்த வினாவிற்கு முழு விடை காண்போம். பெருவட்ட வழியில் விமானங்கள் பறக்காததற்குக் காற்று மட்டுமே காரணமன்று. வானத்திற்கும் எல்லைக்கோடுகள் உண்டு. ஒரு நாட்டின் மண்ணுக்கு மேலுள்ள வானம் அந்நாட்டுக்கே உரியது என்பது சர்வதேசச் சட்டம். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததை அடுத்து, பிரிட்டனும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷ்யாவும் அவர்களுக்குத் தன் வானத்தை மூடியது. அதன்பின், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலிருந்து டோக்கியோ செல்ல முன்பு ஒன்பதரை மணி எடுத்த பயணம் ஏறத்தாழ 13 மணியாக நீண்டுவிட்டது. பூமி வளரவில்லை, விமானம் மெலியவும் இல்லை. பகைமை ஒன்றுதான் வளர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், மேற்காசியாவில் பதற்றம் மிகுந்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் செல்லும் விமானமே சில காலம் சிங்கப்பூரில் இறங்கிச் செல்ல நேர்ந்தது.

2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது இதனினும் கடுமையான ஒன்று நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஆஸ்திரேலியா தன் எல்லைகளை மூடியது. நோயைத் தடுக்க அது தேவையென்று அந்நாட்டு அரசு கருதிற்று. வெளிநாடுகளில் இருந்த பல்லாயிரம் ஆஸ்திரேலியர்கள் தாயகம் திரும்ப இடமின்றித் தவித்தார்கள். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் பிற நாட்டுப் பிரயாணிகளுக்கும் கதவு திறந்தது. 17 மணியில் கடக்கவல்ல விமானம் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. அதே நேரத்தில், லண்டனில் இருந்த மகளுக்குச் சிட்னியில் இருந்த தாய், 1788ஆம் ஆண்டில் இருந்ததைப் போலவே எட்டாத் தொலைவில் இருந்தாள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம், திறக்காத கதவின் முன் ஒன்றுமில்லை அன்றோ?

ஆகவே, நண்பர்களே, எவ்வளவு தூரம் என்னும் வினாவிற்கு விடை கூறுமுன், எந்தத் தூரம் என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும் என்பேன். நூல் காட்டும் தூரம் 17,000 கிலோமீட்டர். அது மாறாதது. காற்றோடு இசைந்து பறக்கும் தூரம் அதற்கு மேற்பட்டது. அது நாள்தோறும் மாறுவது. மனிதர் கடக்கும் காலமோ, எட்டு மாதமாக இருந்து 28 நாளாகி, நான்கு நாளாகி, இன்று 20 மணிக்கும் குறைவாகக் கூடியது. அதை மீண்டும் நீளச் செய்வதும் மனிதர் கையிலேயே இருக்கிறது.

1942ஆம் ஆண்டில் போரினால் அறுபட்ட வழியை ஒட்டவைக்க, விண்மீன்களைத் துணைகொண்டு இருட்டில் பறந்த அந்தக் கேட்டலினா விமானிகளை எண்ணிப் பாருங்கள். குவாண்டாஸ் நிறுவனத்தார் சிட்னியிலிருந்து லண்டனுக்கு எங்கும் நில்லாமல் பறக்கும் பொருட்டு, 2022ஆம் ஆண்டில் ஏர்பஸ் ஏ350 விமானங்கள் பன்னிரண்டை வாங்க ஏற்பாடு செய்தார்கள்; அத்திட்டத்திற்கு அவ்விமானிகளை நினைந்து ‘சூரியோதயம்’ என்றே பெயரிட்டிருந்தார்கள். அன்று போரின் நடுவே மூன்று பேரைச் சுமந்து சென்ற வழியில், நாளை இருநூற்றுக்கு மேற்பட்டோர் அமைதியாக உறங்கிக்கொண்டே செல்லக்கூடும். அந்த உறக்கத்திற்கு வேண்டியது நல்ல எந்திரம் மட்டுமன்று. வழியிலுள்ள எல்லா வானங்களும் திறந்திருக்க வேண்டும். எந்திரத்தை உங்களில் எந்திர நூல் கற்போர் செய்துவிடுவார்கள். வானத்தைத் திறந்து வைக்கும் கடமை, எந்த நூல் கற்போராயினும், உங்கள் எல்லோருக்கும் உரியது.